செண்பகத்தோப்புத் தோட்டத்து வீட்டுக்கு சோலார்: வரி குறைந்துவிட்டது, எந்தப் பேனலை வாங்குவது?

2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. டியூபுலர் பேட்டரிக்கு 28 சதவீதம் இருந்தது 18 ஆகியிருக்கிறது. அதாவது வரிக்கு முன் 10,000 ரூபாய் விலையுள்ள பேனலுக்கு முன்பு 1,200 ரூபாய் வரி கட்டினீர்கள், இப்போது 500. வரிக்கு முன் 12,000 ரூபாய் விலையுள்ள பேட்டரிக்கு 3,360 ரூபாய் வரி இருந்தது, இப்போது 2,160. இரண்டையும் சேர்த்தால் 1,900 ரூபாய் மிச்சம். கடைக்காரர் பழைய விலையையே சொன்னால், பில்லில் வரி எவ்வளவு என்று தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தச் செய்தி வந்ததிலிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து விவசாயிகளிடம் ஒரே கேள்விதான். தோட்டத்தில் ஒரு சின்ன சோலார் போட்டுக்கொள்ளலாமா? போட்டால் எந்தப் பேனல்? பம்ப்செட்டுக்கு இல்லை. இரண்டு பல்பு, ஒரு ஃபேன், செல்போன் சார்ஜ், முடிந்தால் ஒரு கேமரா. செண்பகத்தோப்பு மாதிரி மலையடிவாரத்தில் தென்னையும் மாவும் வைத்திருப்பவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. மேற்கே காடு, இரவில் பன்றி வரும், யானை வரும். 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. அந்தக் காட்டின் ஓரத்தில் இருட்டில் காவல் படுப்பவருக்கு ஒரு வெளிச்சம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே படுத்தவருக்குத்தான் தெரியும்.

முதலில் மானியக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஏமாற்று வேலை நடப்பதே அங்கேதான்.

வீட்டுக்கு ஒரு கணக்கு, தோட்டத்துக்கு வேறு கணக்கு

மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஆனால் இது ஈ.பி. இணைப்போடு சேர்த்துப் போடும் சோலாருக்கு மட்டும். பேட்டரி வைத்துத் தனியாக ஓடும் தோட்டத்து சோலாருக்கு இதில் ஒரு பைசா கிடையாது. "100 வாட் பேனல் வாங்குங்கள், சூர்ய கர் மானியம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மானியம் எந்த இடைத்தரகர் கைக்கும் போகாது. வேலை முடிந்து, ஆய்வு முடிந்த பிறகு மின் இணைப்பு வைத்திருப்பவரின் வங்கிக் கணக்குக்கே வரும்.

சரி, ஊரில் உள்ள வீட்டுக்கு அந்தத் திட்டத்தில் போடலாமா? உங்கள் ஈ.பி. பில்லை எடுத்துப் பாருங்கள். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலைக் கட்டணப்படி 200 யூனிட் ஓட்டுகிறவர் 235 ரூபாய் கட்டுகிறார். ஒரு கிலோவாட் சோலார் நாளைக்கு சுமார் 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் கொடுக்கும். அதைப் போட்டால் உங்கள் பில் முழுவதும் போய்விடும், உண்மைதான். ஆனால் வருடத்துக்கு மிச்சம் 1,410 ரூபாய்தான். மானியம் போகக் கையிலிருந்து 35,000 ரூபாய் போட்டதாக வைத்துக்கொண்டால், போட்ட பணம் திரும்ப 25 வருடம் ஆகும். இதற்குக் கடன் வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

அதே 500 யூனிட் ஓட்டும் வீடு 1,805 ரூபாய் கட்டுகிறது. அங்கே 240 யூனிட் குறைந்தால் பில் 517 ரூபாய்க்கு வந்துவிடும். வருடத்துக்கு 7,700 ரூபாய்க்கு மேல் மிச்சம், ஐந்து வருடத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும். அப்படிப்பட்ட வீடு என்றால் தாராளமாகப் போடுங்கள். 200 யூனிட் வீடு என்றால் பணத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

இன்னொரு விஷயத்தையும் பலர் போட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். ஈ.பி. லைனோடு சேர்த்த சோலார், கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். "சோலார் போட்டும் பவர்கட்டில் இருட்டுதானா?" என்று கேட்டால், பேட்டரி இல்லாவிட்டால் ஆமாம்.

தோட்டத்துக்கு வருவோம். இலவச பம்ப்செட் இணைப்பிலிருந்து காவல் குடிசைக்கோ தோட்டத்து வீட்டுக்கோ ஒயர் இழுத்துக் குடியிருப்பது விதிமீறல், பிடிபட்டால் அபராதம். தனி வீட்டு இணைப்பு வாங்க, கம்பம் தூரமாக இருந்தால் செலவு கூடும். அப்படிப்பட்ட இடத்துக்கு 200 வாட் சோலார்தான் சரியான பதில்.

200 வாட் எங்கிருந்து வந்தது?

9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு, இரவில் ஐந்து மணி நேரம்: 90. பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட், எட்டு மணி நேரம்: 240. (பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், அதை வைத்துக்கொண்டு சோலார் போடாதீர்கள். ஃபேனை மாற்றுவது பேனல் வாங்குவதைவிட மலிவு.) செல்போன் இரண்டு: 20 முதல் 30. சிம் போட்ட கேமரா ஒன்று, 24 மணி நேரமும் ஓடினால்: 190. கூட்டினால் ஒரு நாளைக்கு 550, கொஞ்சம் கூட்டி 600 வாட்-அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் நல்ல வெயில் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கை செண்பகத்தோப்புக்கு அப்படியே போடாதீர்கள். மேற்கே மலை நிற்கிறது. சமவெளியில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே மலை நிழல் விழுந்துவிடும். மலை ஏறி நிற்கும் மேகமும் உண்டு. நான்கு மணி நேரம் என்று எடுங்கள். அதில் ஒயர், பேட்டரி, வெப்பம் என்று கால் பங்கு போய்விடும். ஆக ஒரு வாட் பேனல் நாளைக்கு மூன்று வாட்-அவர் கொடுக்கும். 600-ஐ மூன்றால் வகுத்தால் 200 வாட். இந்த வழியில் உங்கள் தேவையை நீங்களே கணக்குப் போடலாம். கேமரா வேண்டாம் என்றால் 140 வாட் போதும்.

பேனலில் எது?

கடையில் முதலில் சொல்வது "பாலி வேண்டுமா, மோனோ வேண்டுமா" என்பதுதான். நீல நிறமாக இருப்பது பாலி, கறுப்பாக இருப்பது மோனோ. பாலி இப்போது புதிதாகத் தயாராவது குறைந்துவிட்டது. கடையில் கிடப்பது பழைய சரக்காக இருக்கலாம், தயாரித்த வருடத்தைப் பாருங்கள். மோனோவிலேயே பெர்க், டாப்கான் என்று சொல்வார்கள். டாப்கான் வெப்பத்தைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும். சித்திரை வெயிலில் பேனலின் மேல் 65 டிகிரி வரை சூடாகும். அப்போது பெர்க் 14 சதவீதம் குறைவாகக் கொடுத்தால் டாப்கான் 12 சதவீதம் குறைவாகக் கொடுக்கும். 200 வாட்டுக்கு வித்தியாசம் நான்கு வாட். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் வெளிச்சம் வாங்கும் பேனலும் அப்படியே. தகரக் கூரையில் ஒட்டிப் படுக்க வைத்தால் அடிப்பக்கத்துக்கு எங்கிருந்து வெளிச்சம் வரும்?

இதையெல்லாம்விட முக்கியமான, பணம் அதிகம் வீணாகிற இடம் வேறு. பெரிய பேனல் வாட் கணக்கில் மலிவு. 540 வாட் பேனல் ஒன்றின் விலைக்கும் சின்ன 100 வாட் பேனல்கள் இரண்டின் விலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. உடனே "பெரியதையே வாங்கிவிடலாம்" என்று தோன்றும். வாங்கி வந்து, 12 வோல்ட் பேட்டரியோடு, சாதாரண பி.டபிள்யூ.எம். சார்ஜ் கன்ட்ரோலரில் மாட்டுவார்கள். என்ன நடக்கும்? 540 வாட் பேனல் சுமார் 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் கொடுப்பது. பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அதை பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். 13 வோல்ட், 13 ஆம்பியர்: 170 வாட் சொச்சம். மீதி மூன்றில் இரண்டு பங்கு வராமலே போகும். போதாததற்கு, வெயிலில் திறந்த நிலையில் அந்தப் பேனல் 50 வோல்ட் வரை காட்டும், மலிவான கன்ட்ரோலர் அதிலேயே எரிந்துவிடும்.

ஆகவே இரண்டே வழி. 12 வோல்ட் பேனல் என்று விற்கும் 36 செல் பேனல் வாங்கினால் பி.டபிள்யூ.எம். போதும். பெரிய பேனல் என்றால் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வேண்டும், அது தாங்கும் வோல்ட் பேனலின் திறந்த வோல்ட்டைவிட நன்றாகக் கூடுதலாக இருக்க வேண்டும். "எம்.பி.பி.டி." என்று மேலே அச்சடித்துவிட்டு உள்ளே சாதாரண கன்ட்ரோலர் வைத்து விற்பதும் நடக்கிறது. கையில் தூக்கிப் பாருங்கள். உண்மையான எம்.பி.பி.டி.யில் செம்புச் சுருளும் வெப்பம் ஆறும் அலுமினியமும் இருப்பதால் கனமாக இருக்கும். 200 வாட் தேவைக்கு நான் 100 வாட் பேனல் இரண்டைத்தான் சொல்வேன். ஒருவரே தூக்கலாம், ஒன்று உடைந்தாலும் மற்றொன்று ஓடும். பெரிய பேனல் 30 கிலோ பக்கம் வரும், ஏழரை அடி நீளம், ஆடிக் காற்றில் அதைப் பிடித்து நிறுத்த இரும்புச் செலவு தனி.

அடுத்து, டி.சி.ஆர். என்று ஒரு வார்த்தை அடிபடுகிறது. செல்லும் பேனலும் இந்தியாவிலேயே செய்தது என்று அர்த்தம். உலகத்து சோலார் உற்பத்தியில் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில் இருக்கிறது. அதைக் குறைக்கத்தான் 2022-இல் இறக்குமதிப் பேனலுக்கு 40 சதவீத சுங்க வரி போட்டார்கள், அரசு அங்கீகரித்த தயாரிப்பாளர் பட்டியல் கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டியல் முறை 2026 ஜூன் முதல் செல்லுக்கும் வருவதாக அறிவித்திருக்கிறார்கள். இதன் விளைவு, டி.சி.ஆர். பேனல் விலை மற்றதைவிடக் கூடுதல். சூர்ய கர் மானியம் வேண்டுமென்றால் டி.சி.ஆர். கட்டாயம், அதில் சமரசம் செய்தால் மானியம் வராது. மானியமே இல்லாத தோட்டத்து சோலாருக்கு டி.சி.ஆர். தேவையில்லை. இரண்டையும் குழப்பி, தோட்டத்துக்காரரிடம் கூடுதல் விலைக்கு டி.சி.ஆர். விற்பதும், மானியக்காரரிடம் சாதாரணப் பேனலைத் தள்ளிவிடுவதும் இரண்டுமே நடக்கும். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

போலியைப் பிடிக்க டேப் போதும். எவ்வளவு நல்ல பேனலாக இருந்தாலும் 100 வாட்டுக்குக் குறைந்தது ஐந்து சதுர அடி வேண்டும், சின்ன பேனல்களில் ஏழு சதுர அடி வரை வரும். மூன்று சதுர அடி பேனலில் "100 வாட்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது 50 வாட்கூடத் தேறாது. பின்பக்க ஸ்டிக்கரில் ஐ.எஸ். 14286 என்ற தர எண், சீரியல் எண், வோல்ட், ஆம்பியர் எல்லாம் இருக்க வேண்டும். உச்சி வெயிலில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து பேனலின் இரண்டு முனையிலும் வைத்தால், 12 வோல்ட் 100 வாட் பேனல் 5 முதல் 6 ஆம்பியர் காட்டும். இந்தச் சோதனையைப் பெரிய பேனலில் செய்யாதீர்கள், 13 ஆம்பியரில் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

தென்னை நிழல், மயில், ஒயர்

பேனலை எங்கே வைப்பது என்பதில்தான் தென்னந்தோப்புக்காரர் தோற்கிறார். பேனலில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும், வாய்க்காலில் தண்ணீர் போவது மாதிரி. நடுவில் ஒரு இடத்தில் மண் சரிந்தால் கீழே பாயாது. ஒரே ஒரு தென்னை ஓலையின் நிழல் குறுக்கே விழுந்தால் பாதி மின்சாரம் போய்விடும். காலை ஒன்பது மணி, மதியம், மூன்று மணி என மூன்று நேரமும் நிழல் விழாத இடத்தைப் பாருங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் நீளும், அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். குடிசையின் மேல் நிழல் என்றால், களத்து மேட்டில் இரும்புக் கம்பம் நட்டு அதில் வையுங்கள். தேங்காய் விழும் வட்டத்துக்கு வெளியே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பகுதி ஏறக்குறைய ஒன்பதரை டிகிரி அட்சரேகை. அதனால் தெற்கு பார்த்து பத்து டிகிரி சாய்வு போதும், மழைத் தண்ணீரும் தூசியும் வழிந்தோடும். மேற்கே மலை மறைக்கும் இடத்தில் கொஞ்சம் கிழக்கே திருப்பினாலும் நட்டமில்லை. மயில் எச்சமும் ஓலைத் தூசியும் வாரம் ஒரு முறை கழுவ வேண்டும். காலையில் பேனல் சூடாகும் முன் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் போர் என்றால் கழுவிய பின் துணியால் துடைத்துவிடுங்கள், வெள்ளைப் படலம் படிந்தால் எடுப்பது கஷ்டம்.

கம்பம் தூரமாகப் போனால் ஒயர் செலவு வரும், அங்கே கஞ்சம் பிடிக்காதீர்கள். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர், 20 மீட்டர் தூரம், வீட்டு ஒயரிங்குக்குப் போடும் இரண்டரை சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் மூன்று வோல்ட் ஒயரிலேயே போய்விடும். கால் பங்கு! ஆறு சதுர மில்லிமீட்டர் சோலார் ஒயர் போட்டால் அது ஒன்றே கால் வோல்ட்டாகக் குறையும். பேட்டரியை பேனலுக்குப் பக்கத்தில் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது.

பேட்டரி பற்றி. 600 வாட்-அவர் தேவை, இரண்டு நாள் மேகமூட்டத்துக்கு 1,200. டியூபுலர் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 12 வோல்ட் 200 ஏ.எச். வேண்டும். லித்தியம் பெரோ பாஸ்பேட் என்றால் 100 ஏ.எச். ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆயுளும் கூடுதல். முதலில் கை கடித்தாலும் எட்டுப் பத்து வருடக் கணக்கில் லித்தியமே மலிவு என்று நினைக்கிறேன். ஆனால் பூட்டி வைக்க இடமில்லாத குடிசையில் அதை வைக்காதீர்கள், திருடனுக்கும் அதன் விலை தெரியும். டிராக்டர் பேட்டரி வேண்டவே வேண்டாம். அது வண்டியைக் கிளப்ப ஒரு நொடி வேகம் கொடுப்பதற்குச் செய்தது, இரவு முழுக்க ஃபேன் ஓட்டினால் சில மாதத்தில் படுத்துவிடும். 2011-இல் வந்த சூரிய மின்சக்தி பசுமை வீடுகளில் ஐந்து விளக்கு கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அதே பேனல் 25 வருடம் உழைக்கும், பேட்டரி நான்கைந்து வருடம்தான். மறு பேட்டரிக்கு மாதம் 200 ரூபாய் எடுத்து வைக்க முடியாது என்றால், சோலார் போடும் முன் யோசியுங்கள்.

வேலிக்கு இதிலிருந்து இழுக்கலாமா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பேனலிலிருந்தோ பேட்டரியிலிருந்தோ இன்வெர்ட்டரிலிருந்தோ வேலிக் கம்பிக்கு நேராக ஒயர் கொடுக்கவே கூடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே பன்றிக்காக ஒரு விவசாயி போட்ட மின்கம்பியில் மூன்று பெண் யானைகள் செத்துக் கிடந்தன, இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்றன. போட்டவர் கைதானார். யானை மட்டுமல்ல, தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் இப்படிப்பட்ட கம்பிகளில் செத்திருக்கிறார்கள்.

முறையான சோலார் வேலியில் எனர்ஜைசர் என்ற தனிப் பெட்டி இருக்கும். அது நொடிக்கு ஒரு முறை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு, உதறல் கொடுத்து நிறுத்திவிடும். விலங்கு பயந்து விலகும், சாகாது. அது இழுப்பதும் 5 முதல் 10 வாட்தான், உங்கள் 200 வாட் பேனலே தாங்கும். ஆனால் 2023-இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் புதிதாக வேலி போட வனத்துறையின் முன் அனுமதி வேண்டும், ஏற்கெனவே போட்டிருந்தால் பதிவு செய்ய வேண்டும். செண்பகத்தோப்பு முழுக்க இந்த எல்லைக்குள்தான். சூரிய மின்வேலிக்கு வேளாண் பொறியியல் துறை மூலம் மானியம் கொடுத்து வந்திருக்கிறார்கள். இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்று அந்த அலுவலகத்தில் கேட்டுவிட்டு, வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு எனர்ஜைசர் வாங்குங்கள்.

பேனல் வாங்கிய அன்றே ஸ்டிக்கரையும் சீரியல் எண்ணையும் பில்லையும் செல்போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். வெயிலில் ஸ்டிக்கர் எழுத்து வெளுத்துவிடும், 12 வருட வாரண்டி கேட்கப் போகும்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.